கருவறையில் கட்டும் கட்டுச்சோறு: கர்ப்பகாலமும் வைட்டமின் டி-யும்

காஷ்மீரின் ஜீலம் ஆற்றிலும் தால் ஏரியிலும் படகையே வீடாகக் கொண்டவர்கள் ஹாஞ்சி மக்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமூகத்துப் பெண்கள் ஆண்களுக்கு நிகராகத் துடுப்புப் போட்டார்கள். பகல் முழுவதும் வெட்டவெளியில் இருந்தார்கள். அதே ஸ்ரீநகரின் வசதியான வீடுகளில் நிலைமை வேறு. பெண்கள் சிறு வயதிலேயே பர்தாவுக்குள் போனார்கள். நெருக்கமான தெருக்கள், சிறிய ஜன்னல்கள், மாடி அறைகள் என்று வாழ்நாளின் பெரும்பகுதி நிழலிலேயே கழிந்தது.

பிள்ளைப்பேற்றில் அந்த வேறுபாடு கொடூரமாக வெளிப்பட்டது. படகுப் பெண்களுக்குச் சுகப்பிரசவம் சாதாரணம். செல்வர் வீட்டுப் பெண்களோ இடுப்பு வலியிலும் தொடை வலியிலும் நடக்க முடியாமல் தள்ளாடினார்கள். அவர்களுடைய இடுப்பெலும்பு மெழுகுபோல் இளகி உள்நோக்கி மடங்கியிருந்தது. குழந்தை வெளிவர வழியே இல்லை. ஸ்ரீநகரில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் கேத்லீன் வாகன், தான் கண்ட இந்த நோயைப் பற்றி 1926-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஆஸ்டியோமலேசியா என்கிற எலும்பு இளக்க நோய் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பர்தா முறை தாய்மையை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு நூலே எழுதினார். நோயின் வேர் வெயில் படாத வாழ்க்கையில் இருக்கிறது என்பது அவருடைய முடிவு.

வெயில் உடலுக்குள் செய்கிற அந்த வேலையின் பெயர்தான் வைட்டமின் டி. இன்று அது மாத்திரையாகவும் சொட்டு மருந்தாகவும் தூள் பாக்கெட்டாகவும் கிடைக்கிறது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட வேண்டுமா, எவ்வளவு, அதனால் தாய்க்கும் சேய்க்கும் கிடைப்பது என்ன? எளிய கேள்விகள்தான். விடை தேடிய கதை மட்டும் நூறு ஆண்டுகளாக நீள்கிறது.

தோலில் தொடங்கி நச்சுக்கொடி வரை

நம் தோலில் கொலஸ்டிராலின் நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்கள் அதன்மேல் பட்டால் அது வைட்டமின் டி-யாக மாறுகிறது. கல்லீரல் அதைச் சேமிப்பு வடிவமாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு என்று வருவது இந்தச் சேமிப்பு வடிவத்தின் அளவுதான். பிறகு சிறுநீரகம், தேவைக்கேற்ப, அதைச் செயல்படும் ஹார்மோனாக மாற்றுகிறது. கால்சிட்ரியால் என்று அதற்குப் பெயர். சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளச் செய்வது இந்த ஹார்மோனின் முதன்மையான வேலை.

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே தாயின் உடல் இந்த ஏற்பாட்டைத் தீவிரப்படுத்துகிறது. ரத்தத்தில் கால்சிட்ரியாலின் அளவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறுகிறது. குடல் முன்பு உறிஞ்சியதைப் போல் சுமார் இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் எலும்புகளில் ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் சேர்ந்திருக்கும். அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில் போய்ச் சேர்கிறது. பேறுகாலம் நெருங்கும் வாரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் தாயிடமிருந்து நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குள் போகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கருவிலிருக்கும் குழந்தை கால்சியத்தைக் குடல் வழியே பெறுவதில்லை. நச்சுக்கொடியே அதைத் தாயின் ரத்தத்திலிருந்து இறைத்துக் கொடுத்துவிடுகிறது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் கால்சியம் கூடுதலாகவே இருக்கும். இந்த இறைப்புக்குக் குழந்தையின் சொந்தக் கால்சிட்ரியால் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வைட்டமின் டி-யை உணரவே முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிக் குஞ்சுகள்கூடப் பிறக்கும்போது இயல்பான எலும்புகளோடு பிறக்கின்றன. அவற்றுக்கு எலும்பு இளகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் வருவது அதன் பிறகுதான்.

தொப்புள்கொடியை அறுத்த நொடியில் நிலைமை மாறுகிறது. இறைத்துக் கொடுத்த நச்சுக்கொடி இல்லை. குழந்தையின் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்குகிறது. அடுத்த சில நாட்களில் அதன் குடலே பாலிலிருந்து கால்சியத்தை எடுக்கப் பழக வேண்டும். அந்த வேலைக்கு வைட்டமின் டி வேண்டும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. அப்படியானால் எங்கிருந்து வரும்? கருவில் இருந்தபோதே தாயிடமிருந்து நச்சுக்கொடியைக் கடந்து வந்த சேமிப்பிலிருந்து. தொப்புள்கொடி ரத்தத்தில் வைட்டமின் டி அளவு தாயின் அளவில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம் வரை இருக்கும். தூர தேசம் போகும் பிள்ளைக்குத் தாய் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு போன்றது அது. முதல் சில வாரங்களுக்குத்தான் வரும். தாயின் பானையே காலியாக இருந்தால் கட்டிக் கொடுக்க ஒன்றும் இராது.

கர்ப்பகாலத்து வைட்டமின் டி பற்றிய ஆய்வுகளில் எது நின்றது, எது உதிர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த உடலியல் உண்மைதான் திறவுகோல்.

ஷான்ஸியிலிருந்து லண்டன் வரை

கருவில் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்றேன். அந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 1920-களிலும் 30-களிலும் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவராக இருந்த பிரஸ்டன் மாக்ஸ்வெல், வட சீனாவின் ஷான்ஸி மாகாணத்துப் பெண்களிடம் அந்த எல்லையைப் பார்த்தார். தானியம் மட்டுமே உணவு; பாலும் மீனும் அரிது; வீட்டுக்குள் அடைபட்ட வாழ்க்கை. ஒவ்வொரு பேறும் ஒவ்வொரு பாலூட்டும் காலமும் தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டு போனது. முதல் குழந்தையைச் சுகமாகப் பெற்றவள் நான்காவது குழந்தையின்போது இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடந்தாள். அத்தகைய தாய்மார்களுக்குப் பிறந்த சில குழந்தைகளின் எலும்புகளில், பிறக்கும்போதே ரிக்கெட்ஸ் இருந்ததை மாக்ஸ்வெல் காட்டினார். தாயின் உடல் முற்றிலும் வறண்டால்தான் கருவின் எலும்பு தொடப்படுகிறது. அதற்குள் தாய் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருப்பாள்.

இதே காலத்தில் மருந்தும் கையில் வந்திருந்தது. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்தினார். இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸைக் காட்லிவர் மீன் எண்ணெய் தடுப்பதைக் கண்டார். அந்த எண்ணெயில் உள்ள பொருளுக்கு 1922-இல் அமெரிக்காவின் எல்மர் மெக்காலம் வைட்டமின் டி என்று பெயரிட்டார்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முக்கியமான தொடக்ககால ஆய்வு லண்டனில் நடந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குடியேறிய பெண்கள் அங்கே மங்கலான வானத்தின் கீழ், உடலை மூடிய உடையில் வாழ்ந்தார்கள். அவர்களிடையே வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட 126 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, 59 பேருக்குக் கடைசி மூன்று மாதங்களில் தினமும் 1000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். 67 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 1980-இல் முடிவு வெளியானது. மருந்து பெறாத தாய்மார்களின் குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கால்சியம் குறைந்து நோய்க்குறிகளே தோன்றிவிட்டன. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. மருந்து பெறாதவர்களின் குழந்தைகளுக்கு உச்சிக்குழி அகலமாக இருந்தது. மண்டையோட்டு எலும்பு முற்றவில்லை என்பதற்கு அது அடையாளம்.

பிறந்த குழந்தைக்குக் கால்சியம் குறைந்தால் கை கால் நடுங்கும், வெட்டிவெட்டி இழுக்கும், வலிப்பு வரும். இதயத் தசையும் கால்சியத்தை நம்பியே சுருங்குகிறது. 2008-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் தெற்காசிய அல்லது கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறையால் கால்சியம் இறங்கி இதயம் செயலிழக்கத் தொடங்கியிருந்தது. மூன்று குழந்தைகள் இறந்துவிட்டன. சில சொட்டு மருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை.

வெயில் நாட்டின் பற்றாக்குறை

லண்டன் இருண்ட ஊர்; அங்கே குறைவது இயற்கை. வருஷம் முழுக்க வெயில் கொளுத்தும் நம் நாட்டில் ஏன் குறைய வேண்டும்? இந்தியாவில் ஆய்வு செய்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். லக்னோவில் 207 கர்ப்பிணிகளைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார்களின் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். தொப்புள்கொடி ரத்தத்தில் 8.4 நானோகிராம்தான். எலும்பு நலத்துக்கு 20 நானோகிராம் போதுமானது என்பது பல நிபுணர் குழுக்களின் கணக்கு. 12-க்குக் கீழே போனால் தெளிவான பற்றாக்குறை. தெற்கே மைசூரில் 559 கர்ப்பிணிகளைச் சோதித்தபோதும் மூவரில் இருவருக்கு 20-க்கும் குறைவாகவே இருந்தது.

காரணங்கள் பல. புற ஊதா பி கதிர்கள் நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் போதிய அளவில் தரைக்கு வருகின்றன. காலை ஆறு மணி இளவெயில் உடலுக்கு இதமானது. வைட்டமின் டி-க்கு அது போதாது. நம்முடைய மாநிறமும் கறுப்பும் இந்தக் கதிர்களை வடிகட்டிவிடுவதால் அதே அளவு வைட்டமின் டி செய்ய நமக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் இந்தக் கதிர் அநேகமாக இல்லை. நகரத்துத் தூசும் புகையும் அதை மேலும் மட்டுப்படுத்துகின்றன. நண்பகல் வெயிலில் நம் ஊரில் யார் நிற்பார்கள்? அதுவும் பிள்ளைத்தாய்ச்சியை யார் நிற்க விடுவார்கள்? சோறும் காய்கறியும் பருப்பும் கொண்ட உணவில் வைட்டமின் டி ஏறக்குறைய இல்லை. கொழுப்பு மீன், முட்டை மஞ்சள்கரு, சத்து சேர்த்த பால், எண்ணெய் ஆகியவற்றில்தான் ஓரளவு உண்டு.

மைசூர் ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. வைட்டமின் டி குறைவாக இருந்த தாய்மார்களின் குழந்தைகள் எடையிலோ நீளத்திலோ மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்திருக்கவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் அவர்களுக்குக் கூடுதலாக வரவில்லை. அந்தக் காலகட்டத்தில் உலகெங்கும் எழுந்துகொண்டிருந்த பெரிய நம்பிக்கைக்கு இது எதிராக இருந்தது.

நம்பிக்கை பெருகிய காலம்

எலும்புக்கு மட்டுமா வைட்டமின் டி? அதை உணரும் வாங்கிகள் நோயெதிர்ப்பு அணுக்களில் இருக்கின்றன, கணையத்தில் இருக்கின்றன, நச்சுக்கொடியிலும் இருக்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புகள் புதிய கேள்விகளைக் கிளப்பின. தொடர்ந்து நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. வைட்டமின் டி குறைந்த கர்ப்பிணிகளிடம் பிரீ-எக்ளாம்ப்சியா என்கிற ஆபத்தான ரத்தக்கொதிப்பு அதிகம், சர்க்கரை நோய் அதிகம், குறைப்பிரசவம் அதிகம், பிறக்கும் குழந்தைக்குப் பின்னாளில் ஆஸ்துமா அதிகம் என்று அவை சொல்லின.

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது. உடல் பருமனானவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கும். அவர்களுக்கே ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு அதிகம். வெளியே நடமாட முடியாத நோயாளிகளுக்கு வெயில் கிடைக்காது. ஏழ்மை, சத்தில்லாத உணவு, அடைபட்ட வீடு எல்லாமே வைட்டமின் டி-யைக் குறைக்கும்; அவையே பேறுகாலத்தையும் கெடுக்கும். உண்மையைப் பிரித்தறிய மிக நம்பகமான வழி, கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டு, முடிவை எண்ணுவதுதான்.

அப்படி எண்ணிய பெரிய ஆய்வுகளில் நான்கைப் பார்க்கலாம்.

நான்கு ஆய்வுகள்

முதலாவது இங்கிலாந்தில் நடந்த மாவிடோஸ் ஆய்வு. சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு ஆகிய மூன்று ஊர்களில் 1134 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். 14-ஆவது வாரம் தொடங்கிப் பேறு வரை தினமும் 1000 யூனிட். பிறந்த குழந்தைகளின் எலும்புத் தாதுவை எக்ஸ்ரே கருவியால் அளந்தார்கள். மொத்தத்தில் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளைத் தனியே பார்த்தபோது மட்டும் மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கு 63 கிராமும் மற்றவர்களுக்கு 57.5 கிராமும் எலும்புத் தாது இருந்தது. வெயில் இல்லாத மாதங்களில் மாத்திரை கைகொடுத்திருக்கிறது. அந்தக் குழந்தைகளை நான்கு வயதிலும் ஆறேழு வயதிலும் மறுபடி அளந்தார்கள். மருந்து பெற்ற தாய்மார்களின் பிள்ளைகளுக்கு எலும்பு அடர்த்தி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பிறப்பின்போது மங்கலாக இருந்த பயன், குழந்தையின் குடல் வேலையை எடுத்துக்கொண்ட பிறகு தெளிவாகியிருக்கலாம். உடலியல் சொன்னதோடு இது பொருந்துகிறது.

இரண்டாவது டாக்காவில். வங்கதேசத்தின் 1300 கர்ப்பிணிகள். இவர்களில் பெரும்பான்மையோருக்குத் தெளிவான பற்றாக்குறை இருந்தது. குழந்தைகள் குட்டையாக வளர்வது அங்கே பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை. வாரத்துக்கு 4200 யூனிட் முதல் 28,000 யூனிட் வரை வெவ்வேறு அளவுகளில் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பேறுக்குப் பிறகும் ஆறு மாதம் தொடர்ந்தார்கள். தாயின் ரத்தத்திலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் வைட்டமின் டி நன்றாக ஏறியது. ஒரு வயதில் குழந்தைகளின் நீளத்தில் எந்த மாற்றமும் இல்லை. எடை, குறைப்பிரசவம் ஆகியவற்றிலும் இல்லை. 2018-இல் வெளியான இந்த முடிவு கனமானது. பற்றாக்குறை உள்ள மக்களிடம் கொடுத்தால் குழந்தையின் வளர்ச்சி கூடும் என்ற எதிர்பார்ப்பு அங்கே நிறைவேறவில்லை. அந்தப் பெண்கள் எல்லோருக்கும் கால்சியமும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கப்பட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது அமெரிக்காவில், ஆஸ்துமாவைப் பற்றியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் ஒரு குழு தினம் 4400 யூனிட்டும் இன்னொன்று 400 யூனிட்டும் பெற்றது. மூன்று வயதுக்குள் இளைப்போ ஆஸ்துமாவோ வந்த குழந்தைகள் முதல் குழுவில் 24.3 சதவீதம், இரண்டாவதில் 30.4 சதவீதம். தற்செயலாகவும் இவ்வளவு வேறுபாடு வரலாம் என்கிற விளிம்பில் அது நின்றது. ஆறு வயதில் மறுபடி பார்த்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது.

நான்காவது டென்மார்க்கில். 623 கர்ப்பிணிகள், 24-ஆவது வாரத்திலிருந்து ஒரு குழுவுக்குத் தினம் 2800 யூனிட், இன்னொன்றுக்கு 400. அங்கும் ஆஸ்துமாவில் உறுதியான பயன் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது பல் மருத்துவர்கள் அவர்களுடைய வாயைச் சோதித்தார்கள். நிரந்தரக் கடைவாய்ப் பற்களின் எனாமலில் குறைபாடு உள்ள பிள்ளைகள் 2800 யூனிட் குழுவில் 15.1 சதவீதம், மற்றதில் 27.5 சதவீதம். பல்லும் எலும்பைப் போல் கால்சியத்தால் ஆனது. அங்கே பயன் தெரிகிறது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு புலப்படும். கால்சியம் சம்பந்தப்பட்ட இடத்தில் வைட்டமின் டி தன் வேலையைக் காட்டுகிறது. அதைத் தாண்டி வளர்ச்சி, மூச்சு என்று போகப்போக அதன் கை மெலிகிறது.

சான்றுகளையே சோதித்தபோது

தனித்தனி ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பணியில் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகளுக்கு மருத்துவ உலகில் பெரிய மதிப்பு உண்டு. கிறிஸ்டினா பலாசியோஸ் தலைமையிலான குழு 2019-இல் 30 ஆய்வுகளை, 7033 பெண்களை, ஒன்றாகத் தொகுத்தது. கர்ப்பகாலத்தில் வைட்டமின் டி கொடுத்தால் பிரீ-எக்ளாம்ப்சியா, கர்ப்பகாலச் சர்க்கரை நோய், எடை குறைந்த குழந்தை ஆகிய மூன்றுமே குறையக்கூடும் என்று அது சொன்னது. உலகெங்கும் மருத்துவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள்.

பிறகு காக்ரேன் ஒரு கடுமையான விதியைக் கொண்டுவந்தது. ஆய்வைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்தார்களா? எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா? சந்தேகம் எழுந்தால் ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்களா? இந்தச் சோதனையில் தேறாதவை கணக்கில் சேரக் கூடாது. அதே குழு, அதே கேள்வியை, இந்த விதியோடு 2024-இல் மறுபடி எடுத்தது. ஏராளமான ஆய்வுகள் முதன்மைக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் கூட்டிப் பார்த்தபோது பிரீ-எக்ளாம்ப்சியா, சர்க்கரை நோய், குறைப்பிரசவம் மூன்றிலும் பயன் உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாத நிலை. எடை குறைந்த குழந்தை பிறப்பது ஓரளவு குறையலாம் என்றது. அதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

தங்கள் முந்தைய முடிவைத் தாங்களே திருத்திக்கொண்ட இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். கர்ப்பிணிக்குத் தரும் அறிவுரை வலுவான சான்றின் மேல் நிற்க வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது.

யார் என்ன சொல்கிறார்கள்?

ஒரே சான்றுகளைப் பார்க்கும் நிபுணர் குழுக்கள் வெவ்வேறு முடிவுக்கு வருவது வாசகரைக் குழப்பும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல், பேறுகால விளைவுகளை மேம்படுத்துவதற்காக எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டி கொடுக்கத் தேவையில்லை என்றது. பற்றாக்குறை இருக்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்குத் தினம் 200 யூனிட் கொடுக்கலாம் என்றது. பிரிட்டன் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 400 யூனிட் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் அளவு உணவும் மாத்திரையும் சேர்த்து 600 யூனிட். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமோ 2024-இல், பிரீ-எக்ளாம்ப்சியா முதலானவை குறையலாம் என்று கருதி, எல்லாக் கர்ப்பிணிகளும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அது எடைபோட்ட ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட சராசரி அளவு தினம் சுமார் 2500 யூனிட்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கேள்வி ஒன்றாக இல்லாததிலிருந்து. பிரிட்டனின் கேள்வி, தாய் சேய் இருவரின் எலும்பையும் பாதுகாக்க எவ்வளவு வேண்டும் என்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கேள்வி, பேறுகால ஆபத்துகளை இது குறைக்கிறதா என்பது. அமெரிக்கச் சங்கம், தீங்கு குறைவு, பயன் இருக்கலாம் என்று சாய்ந்தது. எலும்பு பற்றிய கேள்வியில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு தினம் 600 யூனிட். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையிலேயே வைட்டமின் டி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி-யும் உண்டு. கர்ப்பத்தின் 14-ஆவது வாரத்திலிருந்து குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை, தினம் இரண்டு. ஆக 500 யூனிட் வந்துவிடுகிறது. இதைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. ரத்தசோகை நிறைந்த நம் ஊரில் அது பெரிய இழப்பு.

குழந்தை பிறந்த பின்

கருவில் சேர்த்த சேமிப்பு முதல் வாரங்களில் குறைந்துகொண்டே வரும். தாய்ப்பாலுக்கு ஈடான உணவு குழந்தைக்கு இல்லை. ஆனாலும் அதில் வைட்டமின் டி மிகக் கொஞ்சம். அதனால் இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பு முதல் வயது முழுவதும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து பரிந்துரைக்கிறது. கர்ப்பகால மாத்திரையைவிட இதற்குச் சான்று உறுதியானது. தாய்க்குத் தினம் 6400 யூனிட் கொடுத்தால் பாலிலேயே போதுமான அளவு சுரக்கிறது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு 2015-இல் காட்டியது. அவ்வளவு பெரிய அளவை மருத்துவர் சொல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது. குழந்தைக்குச் சொட்டு மருந்து எளிது, பாதுகாப்பானது. சொட்டு மருந்தின் வீரியம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும்; எத்தனை சொட்டு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகமானால் என்ன ஆகும்? வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கும். மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிகத் தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரும். 1950-களில் பிரிட்டனில் பால்மாவிலும் தானியக் கஞ்சி மாவிலும் மீன் எண்ணெயிலும் சேர்ந்து வந்த வைட்டமின் டி அளவு மீறியதால் குழந்தைகளுக்குக் கால்சியம் மிகுந்து நோய் வந்தது என்று கருதி, அரசு அளவைக் குறைத்தது. நம் மருந்துக் கடைகளில் 60,000 யூனிட் தூள் பாக்கெட் சாதாரணமாகக் கிடைக்கிறது. பற்றாக்குறை உறுதியானவர்களுக்கு வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட வாரங்களுக்கு என்று மருத்துவர் எழுதித் தருவது அது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டால் ஆபத்து. தினசரி 4000 யூனிட்டுக்கு மேல் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு.

இவ்வளவு படித்த வாசகருக்கு, குறிப்பாகத் தாயாகப் போகிறவருக்கும் அவரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும், நான் சொல்வது இதுதான். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை அலட்சியமாக எண்ணி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டோடு, பேறுக்குப் பின்னும் ஆறு மாதம் சாப்பிடுங்கள். வெளியே அதிகம் போகாதவர், உடலை முழுதும் மூடி உடுத்துகிறவர், இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி உள்ளவர், முந்தைய குழந்தைக்குப் பிறந்ததும் வலிப்பு வந்தவர் ஆகியோர் மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். குழந்தைக்குச் சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் தடுக்கும் என்று யாராவது பெரிய அளவு பாக்கெட்டுகளை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நோய்களைக் கண்டுபிடிப்பது மாதாந்திரப் பரிசோதனைதான், அதைத் தவறவிடாதீர்கள். வைட்டமின் டி தாயின் எலும்பையும் பிறந்த குழந்தையின் எலும்பையும் உயிரையும் காக்கிறது. அதைச் சிறிய அளவில், தினமும், தவறாமல் கொடுத்தாலே போதும்.